அதே விடை, இரண்டு தவறுகள்: வகுப்பறைச் செயலாராய்ச்சி கேள்வி-பதில்

தம் வகுப்பில் தட்டுப்படும் ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து, கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்து, விளைவைப் பதிவு செய்வது செயலாராய்ச்சி. இது பற்றி ஆசிரியர்களும் பி.எட். மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) செயலாராய்ச்சிக்குத் தலைப்புக் கேட்டார்கள். ‘4ஆம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதிக் கொடுத்தேன். ரொம்பப் பொதுவாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். எப்படிக் குறுக்குவது?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, செய்யாறு

பதில்: தலைப்பை யோசித்துக் குறுக்க முடியாது. பிள்ளைகளின் விடைத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது தானாகக் குறுகும். உங்கள் வகுப்புக்குக் கழித்தலையே எடுத்துக்கொள்வோம்.

10 கணக்குகள் கொண்ட ஒரு தாள் தயார் செய்யுங்கள். இனமாற்றம் (ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குவது, அதாவது ‘கடன் வாங்குவது’) தேவைப்படாதவை 2, ஈரிலக்கத்தில் இனமாற்றம் தேவைப்படுபவை 5, மூவிலக்கம் 3. அந்த மூன்றில் இரண்டிலாவது, 304 − 127 போல, பத்துகள் இடத்தில் பூச்சியம் இருக்கட்டும். பேனாவில் எழுதச் சொல்லுங்கள், ரப்பர் வேண்டாம். தப்பானதை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். அடித்த இடம்தான் குழந்தை எங்கே தடுமாறியது என்று காட்டும், அழித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

திருத்தும்போது சரி, தப்பு என்று குறியிட்டு மதிப்பெண்ணைக் கூட்டிவிடாதீர்கள். நீளத் தாள் ஒன்றில் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கட்டம் போட்டு, குழந்தை எழுதிய விடையை அப்படியே அதில் எழுதுங்கள். 61 − 28 என்ற கணக்குக்குச் சரியான விடை 33. ஒருவன் 47 என்று எழுதியிருந்தால், ஒன்றுகள் இடத்தில் 1இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 1ஐக் கழித்திருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் கழித்தல் என்று அவன் மனத்தில் பதிந்திருக்கிறது. 43 என்று எழுதியவள் இனமாற்றம் செய்திருக்கிறாள், 11இலிருந்து 8 போக 3 என்று சரியாகவே போட்டிருக்கிறாள். பத்துகளில் ஒன்றைக் குறைக்க மட்டும் மறந்துவிட்டாள். 32 அல்லது 34 என்று எழுதியவர்களுக்கு முறை தெரியும், விரல் எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கிறது. மூவருக்கும் மதிப்பெண் பூச்சியம்தான், ஆனால் மூவருக்கும் தர வேண்டிய பயிற்சி வேறு வேறு.

கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 52 − 27 கொடுத்தால் முதல் வகைத் தவறு செய்பவனும் 35 என்று எழுதுவான் (7 − 2 = 5, 5 − 2 = 3), இரண்டாம் வகைத் தவறு செய்பவளும் 35 என்றே எழுதுவாள் (12 − 7 = 5, 5 − 2 = 3). ஒன்றுகள் இடத்து இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருக்கும் எல்லாக் கணக்கிலும் இப்படித்தான் ஆகும். அப்படிப்பட்ட கணக்குகளைத் தாளிலிருந்து நீக்கிவிடுங்கள். 61 − 28, 73 − 46 போன்றவை இரண்டு தவறுகளையும் பிரித்துக் காட்டும்.

தாள் முடிந்த மறுநாள், வகைக்கு இருவராக ஆறு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு, ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். “சொல்லிக்கிட்டே போடு பார்க்கலாம்” என்றால் போதும். “ஏன் தப்பாப் போட்ட?” என்று கேட்டுவிட்டால் பிள்ளை நீங்கள் எதிர்பார்க்கும் விடையைத் தேட ஆரம்பித்துவிடும், அது உண்மையில் எப்படி யோசித்தது என்பது வெளியே வராது.

இப்போது தலைப்பு கையில் இருக்கும். ‘இனமாற்றம் செய்தபின் பத்துகளைக் குறைக்காமல் விடும் 11 மாணவர்களுக்கு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளைப் பிரித்துக் கழிக்கும் பயிற்சியை நான்கு வாரம் அளித்தால் அந்தத் தவறு குறைகிறதா?’ யார், எத்தனை பேர், எந்தத் தவறு, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு காலம் என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. உங்கள் கையில் இல்லாத எதையும் தலைப்பில் வைக்காதீர்கள். வீட்டில் படிக்க இடமில்லை என்பது உண்மையான துன்பம்தான், ஆனால் அதை உங்கள் பாடவேளையில் மாற்றிப் பார்க்க முடியாது.

கேள்வி: ஓராசிரியர் பள்ளி போலத்தான் எங்கள் நிலைமை. மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துகிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே?
– இடைநிலை ஆசிரியர், பென்னாகரம்

பதில்: நேரம் பிடிப்பதில் பெரும்பகுதி அறிக்கை எழுதுவது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் போதும். தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நீங்கள் ஏற்கெனவே குழு பிரித்திருப்பீர்கள். ஆராய்ச்சிக்கென்று புதுக் குழு வேண்டாம், ஒரு குழுவுக்கு ஒதுக்கிய நேரத்திலேயே செய்யுங்கள். மற்ற இரண்டு குழுக்களுக்கும் அந்த 20 நிமிடத்துக்குத் தாமே செய்யக்கூடிய எழுத்துவேலை தயாராக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றாம் நாளே திட்டம் சரிந்துவிடும். பாதியில் நின்றுபோகும் முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன.

முதல் வாரம் முன்தேர்வும், பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவதும். அடுத்த நான்கு வாரம் பயிற்சி. ஒவ்வொரு வெள்ளியும் ஐந்தே கணக்கு கொண்ட சிறு தாள். ஆறாம் வாரம் பின்தேர்வு. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பாடத்தைத் தொடாமல் விட்டு இன்னொரு தேர்வு வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசித் தேர்வைத்தான். பயிற்சி முடிந்த மறுநாள் எல்லாப் பிள்ளையும் நன்றாகச் செய்யும். மூன்று வாரம் கழித்தும் நிற்கிறதா என்பதே கேள்வி. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு விடுமுறை நடுவில் வராமல் தொடக்க நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள். அன்று யார் வரவில்லை, என்ன செய்தீர்கள், எது எதிர்பாராமல் நடந்தது. வராத நாள்களைக் குறிக்காவிட்டால், முன்னேறாத பிள்ளைக்குப் பயிற்சி பலிக்கவில்லையா, பயிற்சியே கிடைக்கவில்லையா என்று பின்னால் சொல்ல முடியாது.

கேள்வி: பி.எட். செயலாராய்ச்சிக்கு வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் புதிய முறையில் கற்பிக்க வேண்டும், டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) கட்டாயம் என்கிறார் வழிகாட்டி. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு நல்ல முறையை மறுப்பது சரியா?
– பி.எட். மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு உறுத்துவது நியாயமான உறுத்தல். பலிக்கும் என்று நம்பும் ஒன்றை, ஒப்பிடுவதற்காக மட்டும், பாதிப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் மறுக்கக் கூடாது. ஒப்பீடே இல்லாமலும் விட முடியாது, ஏனென்றால் ஆறு வாரத்தில் பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் வளர்வார்கள். இரண்டுக்கும் இடையில் வழிகள் உண்டு.

முதலாவது, முன்னும் பின்னுமாகத் தொடங்குவது. முதல் குழுவுக்கு இந்த வாரம், இரண்டாம் குழுவுக்கு மூன்று வாரம் கழித்து. இரண்டு குழுவுக்கும் வெள்ளிக்கிழமைத் தாள் ஒன்றே. முதல் குழுவின் தவறு முதலில் குறைந்து, இரண்டாம் குழுவின் தவறு அவர்களுக்குப் பயிற்சி தொடங்கிய பிறகே குறைந்தால், அது உங்கள் பயிற்சியின் பலன் என்று ஓரளவு நம்பலாம். கடைசியில் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, பயிற்சி தராத ஒரு திறனையும் சேர்த்து அளப்பது. கழித்தலுக்குப் பயிற்சி தந்தால் தாளில் நான்கு பெருக்கல் கணக்கும் வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் ஏறினால் பிள்ளைகள் பொதுவாகத் தேறியிருக்கிறார்கள் என்று பொருள், உங்கள் முறைக்குத் தனிப் பெருமை இல்லை.

முன்தேர்வில் கடைசியில் நிற்கும் 10 பேரை மட்டும் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அன்று காய்ச்சலோடு வந்தவன், பேனா தீர்ந்துபோனவள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அடுத்த தேர்வில் நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்கள் மதிப்பெண் ஏறும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முன்தேர்வு வைத்து, இரண்டிலும் கீழே இருப்பவர்களை மட்டும் எடுங்கள்.

முன்தேர்வுத் தாளையே பின்தேர்வுக்கும் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளப்பீர்கள். ஒரே கடினத்தில் அ, ஆ என இரண்டு தாள் தயார் செய்து, வகுப்பில் பாதிப் பேருக்கு முதலில் அ, பிறகு ஆ, மற்றப் பாதிக்கு முதலில் ஆ, பிறகு அ என்று மாற்றிக் கொடுங்கள். ஒரு தாள் கொஞ்சம் எளிதாக அமைந்துவிட்டாலும் அது முடிவைச் சாய்க்காது.

டி-சோதனை கட்டாயம் என்றால் போடுங்கள், சரியானதைப் போடுங்கள். ஒரே பிள்ளைகளின் முன், பின் மதிப்பெண்களை ஒப்பிடும்போது இணைந்த மாதிரிக்கான டி-சோதனையே பொருந்தும். 32 பேர் என்றால் கட்டின்மைப் படி (degrees of freedom) 31. அறிக்கைகளில் 62 என்று இருந்தால், ஒரே 32 பேரை இரண்டு தனித்தனிக் குழுக்களாக நினைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தவறு.

என்னதான் சோதனை போட்டாலும் சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். 30 பேரில் 15 பேர் தலா 4 மதிப்பெண் ஏறி, மீதி 15 பேர் நின்ற இடத்திலேயே நின்றாலும் சராசரி 2 ஏறும். எல்லாரும் இரண்டிரண்டாக ஏறினாலும் அதே 2தான். நாளைக்கு யாரைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைவாரியான பட்டியல்தான் சொல்லும்.

கேள்வி: ல, ள, ழ பிழைகளைக் குறைக்க வேண்டும். சொல்வதை எழுதுதலில் 20 சொல் கொடுத்து அளக்கிறேன். சரியான முறைதானா?
– தமிழாசிரியர், மணப்பாறை

பதில்: சொல்வதை எழுதுதலில் நீங்களும் ஓர் அளவுகோல் என்பதை மறக்கக் கூடாது. பேச்சு வழக்கில் பல ஊர்களில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. வாசிப்பவரின் உச்சரிப்பில் ‘வழி’யும் ‘வளி’யும் ஒன்றாகக் கேட்டால், தப்பாக எழுதிய குழந்தை காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து, எழுத்தைப் பார்க்காமல் இன்னோர் ஆசிரியரை எழுதச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறும் சொற்களை நீக்கிவிடுங்கள், அல்லது வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். கூடவே படம் பார்த்துப் பெயர் எழுதும் பகுதி ஒன்று சேருங்கள்: பல்லி, பள்ளி, கிளி, பழம், வாள், வால். காதில் கேட்பதில் சிக்கலா, எழுத்துவடிவம் நினைவில் நிற்காத சிக்கலா என்று இரண்டையும் ஒப்பிட்டால் தெரியும்.

கட்டுரையில் பிழைகளை எண்ணும்போது இன்னொரு தவறு நேர்கிறது. பயிற்சிக்கு முன் 30 சொல் எழுதி 6 பிழை விட்ட குழந்தை, பயிற்சிக்குப் பின் துணிந்து 90 சொல் எழுதி 9 பிழை விடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பிழை கூடிவிட்டது. இந்த மூன்று எழுத்துகளும் வர வேண்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை தவறின என்று விகிதமாக எழுதுங்கள். எந்த எழுத்துக்குப் பதில் எது வந்தது என்பதையும் தனியே குறியுங்கள். ழவுக்கு ள எழுதுவதும் லவுக்கு ள எழுதுவதும் ஒரே பயிற்சியில் தீராது.

கேள்வி: பிள்ளைகளின் குறையைத்தான் ஆராய வேண்டுமா? என் கற்பித்தலையே ஆராய முடியுமா?
– பட்டதாரி ஆசிரியை (அறிவியல்), காரைக்குடி

பதில்: முடியும். நாங்கள் அதையே முதலில் செய்யச் சொல்வோம். கைப்பேசியை மேசையில் வைத்து உங்கள் வகுப்பில் 15 நிமிடத்தைப் பதியுங்கள். வீட்டில் கேட்டு நான்கு விஷயங்களை எண்ணுங்கள்: எத்தனை கேள்வி கேட்டீர்கள், அவற்றில் ஒரு சொல்லில் பதில் முடிபவை எத்தனை, கேள்வி முடிந்ததும் எத்தனை நொடி காத்திருந்தீர்கள், பிள்ளை சொன்ன பதில் எத்தனை சொல் நீளம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பேசும் பிள்ளைகள் கூடினார்கள்.

மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அமைதி மிக நீளமாகத் தோன்றும். ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள். முதல் வாரம் பிள்ளைகள் திகைப்பார்கள், கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நீங்களே இடையில் பேசிவிடுவீர்கள். முதல் வாரத்துப் பதிவை வைத்து முடிவு கட்டாமல் மூன்றாம் வாரம் மறுபடி பதிந்து எண்ணுங்கள். யார் பெயரைக் கூப்பிட்டீர்கள் என்பதை இருக்கை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், கடைசி வரிசையும் ஓரமும் காலியாக இருப்பது பலருக்குத் தெரியவரும்.

கேள்வி: எங்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா கற்கையில் ‘செயல்நிலை ஆய்வு’ என்கிறோம். நீங்கள் சொல்வதும் அதுதானா? இதைப் பல்கலைக்கழக ஆய்வுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள முடியுமா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் ஒன்றே, பெயர்தான் வேறு. கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் 1946இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வடிவம் தந்தார். அவர் எழுதியது பள்ளியைப் பற்றியல்ல, சிறுபான்மையினர் பிரச்சினைகளைப் பற்றி. பள்ளி ஆசிரியர்களுக்கான முறையாக இதை விரித்தவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி, 1953இல். ஆசிரியரே ஆய்வாளர் என்ற கருத்தை 1975இல் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வலியுறுத்தினார். திட்டமிடல், செய்தல், கவனித்தல், சிந்தித்தல் என்று இப்போது எல்லாப் பாடநூலிலும் வரும் சுழல் படம், 1980களில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் கெம்மிஸும் மக்டகார்ட்டும் பரப்பியது.

சமமா என்றால், நோக்கம் வேறு. உங்கள் வகுப்பில் 28 பேரிடம் கண்டதை எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கவனத்தில் தளர்வு கூடாது. தாள், குறிப்பேடு, பிள்ளைகளின் பேச்சு என மூன்று வழிகளில் கிடைத்தது ஒன்றையொன்று ஆதரிக்கிறதா என்று பாருங்கள். முரண்பட்டால் அந்த முரண்பாட்டையும் எழுதுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சி.ஆர்.சி. (குறுவள மையம்) வாட்ஸாப் குழுவில் போடலாமா?
– தலைமை ஆசிரியர், ஆத்தூர்

பதில்: முகம் தெரியும் படம் வேண்டாம். விடைத்தாளைக் காட்டலாம், ஆனால் பெயர், வரிசை எண், எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) மூன்றையும் மறைத்துவிட்டு. அறிக்கையில் மா1, மா2 என்று குறியீடு கொடுத்து, எது யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். குரலைப் பதிவதாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ‘மெல்லக் கற்போர் குழு’ என்ற பெயரைக் கரும்பலகையிலோ குறிப்பேட்டின் அட்டையிலோ எழுதவே எழுதாதீர்கள். பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

கேள்வி: எட்டு வாரம் உழைத்தும் பலன் இல்லை. பின்தேர்வில் மாற்றம் சொல்லும்படியாக இல்லை. இதை எப்படிச் சமர்ப்பிப்பது? சிலர் எண்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.
– இடைநிலை ஆசிரியர், கடலூர் மாவட்டம்

பதில்: மாற்றாதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் உங்கள் அறிக்கையை நம்பித் தம் பிள்ளைகளின் எட்டு வாரத்தைச் செலவிடக்கூடும்.

பலன் இல்லை என்று எழுதுவதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள். குறிப்பேட்டின்படி பயிற்சி உண்மையில் எத்தனை நாள் நடந்தது? 32 நாள் திட்டமிட்டு 14 நாள் நடந்திருந்தால் முறையைக் குறை சொல்ல முடியாது. தேர்வு அந்தத் திறனை அளந்ததா? குச்சிக்கட்டில் பழக்கிவிட்டு எழுத்துக் கணக்கில் சோதித்திருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கிறது. கட்டைப் பிரிக்கும்போதே பக்கத்தில் 61இன் 6ஐ அடித்து 5 என்று எழுதும் பழக்கம்தான் அந்தப் படி. பிள்ளைவாரியாகப் பார்த்தால் யாராவது ஏறியிருக்கிறார்களா, அவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? கடைசியாக, முதலில் கண்டறிந்த காரணமே சரிதானா?

அறிக்கை 8 முதல் 12 பக்கம் இருந்தால் போதும். சிக்கல், முன்தேர்வில் கண்ட தவறுகளின் வகைகள், செய்தது என்ன (இன்னொருவர் அப்படியே செய்யும் அளவுக்கு விவரமாக), பிள்ளைவாரியான அட்டவணை, நடக்காமல் போனது, அடுத்த சுற்றில் மாற்றப்போவது. முன்னுரையில் கல்வியின் சிறப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு விடைத்தாள்களின் நகலை ஒட்டுங்கள். அனுப்புவதற்கு முன் அதே வகுப்பு எடுக்கும் ஒரு சக ஆசிரியரிடம் அட்டவணையை மட்டும் கொடுத்து, அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். உங்கள் முடிவை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர் வேறொன்று சொன்னால் அதையும் எழுதி, இரண்டாம் சுற்றை அங்கிருந்து தொடங்குங்கள்.